மௌனப் படத்தின் நடை

பிலிமையே உற்பத்தி செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இயங்கிய உதகையில், பழைமை வாய்ந்த அசெம்ப்ளி ரூம்ஸ் போன்றதோர் அரங்கில், ரசிகர் சங்கத்தார் இன்று ஒரு மௌனப் படத்தைத் திரையிட முற்படுவார்களாயின், அவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அதை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பதேயாகும். பேசும் படத்துக்கு இந்த ஐயம் எழுவதில்லை. ஒலியின் சுருதி பிசகலாகாது என்பதனால் விநாடிக்கு 24 பிம்பங்கள் என்ற நியதி ஏற்பட்டுவிட்டது. மௌனப் படக் காலத்திலோ, காமிராக்காரர் கைப்பிடியைச் சுற்றியே படமெடுத்தார். ஒரு சுற்றுக்கு 8 பிம்பங்களாக, விநாடிக்கு இரண்டு சுற்றுக்கு 16 என்பது கணக்கு. ஆனால் மனிதக் கரம் கடிகாரமன்று. 1920களில் அந்த வேகம் 20க்கும் 22க்கும் உயர்ந்ததுண்டு.

16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால், 17 நிமிஷம் ஓடவேண்டிய 1,000 அடி ரீல் 11 நிமிஷத்தில் முடிந்துவிடுவதோடு, சோகத்தால் தளர்ந்து நடக்கும் நாயகி துள்ளி ஓடுவதாகத் தோன்றி, கண்ணீர் பெருகவேண்டிய இடத்தில் சிரிப்பொலி எழும். அதற்கஞ்சி எல்லாவற்றையும் 16இலேயே ஓட்டுவதும் தகாது. வேகமாகச் சுற்றி எடுக்கப்பட்ட காட்சி அப்போது உயிரற்று ஊர்ந்து செல்லும். ஹாஸ்யத் துரத்தல்களையோ, திரையில் விரைவு தோன்றவேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்தார்கள். அவற்றை இயல்பு நடைக்குக் கொணர்வதும் பிழையே.

ஆதலின் கண்ணே பிரமாணம். குடத்திலிருந்து விழும் நீர், குதிரையின் பாய்ச்சல், மாடிப்படி இறங்குவோரின் கால்கள் ஆகியவை இயற்கையின் வேகத்தை உடனே காட்டிக்கொடுக்கும். மெதுவாக ஓட்டுகையில் திரை மினுக்காதிருக்க, மூன்று இதழ் கொண்ட ஷட்டரைப் பொருத்தினால், 16இலும் ஒளி விநாடிக்கு 48 முறை மறைந்து தோன்றும். இரண்டு இதழோடு 24இல் ஓட்டும்போதும் அதே 48 தான்.

நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கி, 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப் படம் 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வந்தடைந்தது. தென்னிந்திய மௌனப் படங்கள் பெரும்பாலும் அழிந்துபட்ட பின்னர் நமக்கு எஞ்சிய அத்தகைய செல்வத்தை அவசரத்தால் கேலிப்பொருளாக்குவது, அதைப் படைத்தோருக்கு இழைக்கும் அநீதியாகும். திரையிடும் அன்பர்கள் ஒவ்வொரு ரீலையும் முன்னதாக ஓட்டிப் பார்த்து, பொருந்திய வேகத்தை டப்பாவின்மேல் எழுதி வைப்பார்களாக.