பாட்டி பின்னிய ஸ்வெட்டர்: குழந்தைக்குப் போடும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததும், பீரோவில் கிடந்த உல்லன் நூலும் பின்னல் ஊசியும் வெளியே வந்துவிடும். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் இது சாதாரண விஷயம். மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா, கனடா கிளம்பும் அம்மாக்களின் பெட்டியிலும் பிரசவ லேகியத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கும்.

கையால் பின்னிய துணியில் இருக்கும் பாசத்தைக் கடையில் வாங்க முடியாது. அதே சமயம், முறையாகத் தயாரித்து விற்கப்படும் குழந்தை உடைகள் சில பாதுகாப்பு விதிகளைத் தாண்டித்தான் கடைக்கு வருகின்றன. வீட்டில் பின்னும் ஸ்வெட்டருக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது. பின்னுகிறவர்தான் அதையும் செய்யணும். என்னென்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நிட்டிங், குரோஷா: என்ன வித்தியாசம்?

இரண்டு ஊசிகளை வைத்துப் பின்னுவது நிட்டிங். நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசியால் பின்னுவது குரோஷா. நிட்டிங்கில் ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து வரிசை வரிசையாக வளரும். அதனால்தான் அந்தத் துணி இழுத்தால் விரிந்து, விட்டால் பழைய நிலைக்கு வருகிறது. திருப்பூரில் மெஷினில் தயாராகும் பனியன் துணியும் இதே கண்ணி அமைப்புதான். நூல் மெல்லியது, கண்ணி சின்னது, அவ்வளவே வித்தியாசம்.

குரோஷா துணி பொதுவாகக் கொஞ்சம் தடிமனாக, குறைவாக விரியும். அதனால் போர்வை, பொம்மைக்கு குரோஷாவும், உடம்போடு ஒட்டி விரிய வேண்டிய ஸ்வெட்டர், சாக்ஸுக்கு நிட்டிங்கும் வசதி. இது கட்டாயம் கிடையாது, கைப்பழக்கம் எதுவோ அதில் பின்னலாம்.

எந்த நூல் நல்லது?

முதலில் குழந்தை எந்த ஊரில் இருக்கப் போகிறது என்று பார்க்கணும். சென்னையில் ஜனவரி மாதத்திலேயே இரவு வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. அங்கே தடிமனான உல்லன் ஸ்வெட்டர் போட்டால் குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும். ஊட்டியிலோ உறைபனி விழும் இரவுகள் உண்டு. வட அமெரிக்கக் குளிர் இன்னும் கடுமை.

காட்டன்: வியர்வையை உறிஞ்சும், உறுத்தாது. சமவெளி ஊர்களுக்கும் ஏசி அறைக்கும் இதுவே போதும். உல்லன் அளவுக்கு விரிந்து சுருங்காது, கொஞ்சம் கனம். அதனால் சின்ன அளவில், மெல்லிய நூலில் பின்னுவது நல்லது.

ஆட்டு ரோமக் கம்பளி: குளிருக்கு இதுதான் சரி. ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் சூடு தரும். ஆனால் எல்லாக் கம்பளியும் ஒன்றல்ல. இழை தடிமனாக இருந்தால் அதன் நுனி தோலில் குத்தும். மெரினோ ஆட்டின் ரோமம் மிக மெல்லியது, அதனால் குத்துவது குறைவு. நூலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. கழுத்தில், கன்னத்தில் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துப் பார்க்கணும். பெரியவருக்கே உறுத்தினால் குழந்தைக்கு வேண்டாம்.

அக்ரிலிக்: கடைகளில் ‘உல்லன்’ என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தச் செயற்கை நூல்தான். பல நிறங்களில் வரும், மெஷினில் துவைக்கலாம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. இன்னொரு முக்கியமான விஷயம், தீப்பட்டால் இது உருகித் தோலில் ஒட்டும். ஆட்டு ரோமம் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது. குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி புகை காட்டும் வீடுகளில், அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்ட குழந்தையைத் தணலுக்குப் பக்கத்தில் கொண்டு போகவே கூடாது.

மோஹேர், அங்கோரா மாதிரி பஞ்சு பஞ்சாக முடி நிற்கும் நூல்கள் பார்க்க அழகு. ஆனால் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதில் அந்த முடி உதிர்ந்து வாய்க்கும் மூக்குக்கும் போகும். தவிர்ப்பது நல்லது.

எந்த அளவில் பின்னணும்?

பலரும் சறுக்குவது இங்கேதான். பிறந்த குழந்தைக்கு என்று பின்னிய ஸ்வெட்டரை இரண்டு முறை போடுவதற்குள் சின்னதாகிவிடும். காரணம் எளிது. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தை ஒரு வயதில் சுமார் 75 சென்டிமீட்டர் ஆகிறது. எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது.

அதனால் குழந்தை எந்த மாதம் பிறக்கும், குளிர்காலம் வரும்போது அதற்கு எத்தனை மாதம் இருக்கும் என்று கணக்குப் போடணும். ஜூனில் பிறக்கும் குழந்தைக்கு டிசம்பரில் ஆறு மாதம். அதற்கு ‘நியூபார்ன்’ அளவில் ஸ்வெட்டர் பின்னினால் போடவே முடியாது. பிறப்பதற்கு முன் குழந்தைக்குப் புதுத்துணி சேர்க்கக் கூடாது, முதலில் பழைய காட்டன் துணியில்தான் சுற்றணும் என்ற வழக்கம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கிறது. அந்த வீடுகளுக்கும் ஆறு மாத அளவுதான் பொருத்தம்.

நிட்டிங் பேட்டர்ன்களில் பரவலாகப் பின்பற்றப்படும் மார்புச் சுற்றளவு இது: 3 மாதத்துக்கு 40.5 செ.மீ., 6 மாதத்துக்கு 43 செ.மீ., 12 மாதத்துக்கு 45.5 செ.மீ., 24 மாதத்துக்கு 50.5 செ.மீ. இது குழந்தையின் உடம்பு அளவு. உள்ளே ஒரு சட்டை போடவும் கை கால் ஆட்டவும் ஸ்வெட்டர் இதைவிட 4, 5 செ.மீ. பெரிதாக இருக்கணும்.

குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. ஒரு வயதில் தலைச் சுற்றளவு சுமார் 46 செ.மீ., அதாவது மார்பளவுக்குச் சமம். தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரில் கழுத்து இறுக்கமாக இருந்தால் குழந்தை அலறித் தீர்த்துவிடும். முன்பக்கம் திறக்கும் மாடலோ, தோளில் திறக்கும் மாடலோ இருந்தால் போடுகிறவருக்கும் குழந்தைக்கும் நிம்மதி.

‘கேஜ்’ கணக்கை ஏன் விடக் கூடாது?

10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்பதுதான் கேஜ். ஒரே நூல், ஒரே ஊசி என்றாலும் ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு.

உதாரணமாக, ஒரு வயது ஸ்வெட்டருக்கான பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, சுற்றளவுக்கு மொத்தம் 110 கண்ணி என்று இருக்கிறது. அப்படின்னா ஸ்வெட்டர் 50 செ.மீ. வரும். ஆனால் பின்னுகிறவரின் கை இறுக்கமாக இருந்து 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழுந்தால், அதே 110 கண்ணி 46 செ.மீ.க்கும் குறைவாகத்தான் வரும். குழந்தையின் மார்பளவே 45.5 செ.மீ. வெறும் இரண்டு கண்ணி வித்தியாசத்தில் ஸ்வெட்டர் உடம்பைப் பிடிக்கிறது.

இதற்கு வழி, ஆரம்பிக்கும் முன் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, அளந்து பார்ப்பது. கண்ணி அதிகம் விழுந்தால் ஊசியின் தடிமனைக் கூட்டணும், குறைந்தால் குறைக்கணும். அரை நாள் வேலை, ஒரு மாத உழைப்பைக் காப்பாற்றும்.

குழந்தைக்கு ஆபத்து எங்கே ஒளிந்திருக்கு?

உள்பக்க நூல்: கையுறை, சாக்ஸ் உள்ளே தொங்கும் ஒரு நூல் இழை குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம். குழந்தை அழும், எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் விரலுக்கே ஆபத்து. அதனால் பின்னி முடித்ததும் உள்ளே வெளியே திருப்பி, நூல் முனைகளைத் துணிக்குள் நன்றாகச் செருகி வெட்டணும். ஒவ்வொரு முறை போடும்போதும் உள்பக்கம் விரல் விட்டுப் பார்க்கணும். காரணமில்லாமல் குழந்தை விடாமல் அழுதால், சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பார்ப்பதும் ஒரு வேலையாக இருக்கட்டும்.

பட்டன், மணி: மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தொண்டையில் சின்னப் பொருள் எதுவும் அடைக்கலாம். சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள ஒரு சின்ன உருளைக்குள் முழுதாக அடங்கும் பொருளை ஆபத்தானது என்று பொம்மைப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. சட்டை பட்டன் எல்லாமே இதில் அடங்கும். பட்டன் வேண்டும் என்றால் உல்லன் நூலில் தைக்காமல் கெட்டியான தையல் நூலில், பின்பக்கம் சின்னத் துணி வைத்துத் தைத்து, பலமாக இழுத்துப் பார்க்கணும். முத்து, ஜமிக்கி, மணி வேண்டவே வேண்டாம்.

கயிறு: குல்லாவின் தாடைக்கயிறு, ஸ்வெட்டரின் கழுத்துக்கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். அமெரிக்காவில் குழந்தைகள் உடையின் கழுத்துக் கயிறுக்கு எதிராக 1996-லேயே பாதுகாப்பு வழிகாட்டுதல் வந்துவிட்டது. கயிறு இல்லாமல், தானே பிடித்துக்கொள்ளும் ரிப் பின்னலில் குல்லா செய்யலாம்.

ஓட்டை டிசைன்: பூ மாதிரி ஓட்டை விழும் பின்னல் ஸ்வெட்டரிலும் போர்வையிலும் அழகாக இருக்கும். ஆனால் பிஞ்சு விரல் அதில் நுழைந்து மாட்டிக்கொள்ளும். கைக்குழந்தைக்கு நெருக்கமான பின்னல்தான் பாதுகாப்பு.

தூங்கும்போது குல்லா போடலாமா?

‘குழந்தைக்குத் தலை குளிரக் கூடாது’ என்று எப்போதும் குல்லா போட்டே வைப்பது நம்ம ஊர் வழக்கம். பிறந்த சில மணி நேரங்களுக்கு இது சரி. எடை குறைவாக, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் குல்லா தேவை. தாயின் மார்போடு தோல் ஒட்ட வைத்திருக்கும் ‘கங்காரு’ பராமரிப்பில் குழந்தைக்கு டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும் போடுவார்கள். 1978-ல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கிய முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது.

ஆனால் நல்லபடியாக வீடு வந்த குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். குழந்தையின் உடல் சூடு பெருமளவு தலை வழியாகத்தான் வெளியேறும். குல்லா அதைத் தடுத்தால் உடம்பு அதிகமாகச் சூடாகும். தூக்கத்தில் நேரும் திடீர் குழந்தை மரணத்துக்கு அதிக சூடும் ஒரு காரணியாகக் கருதப்படுகிறது. குல்லா நழுவி மூக்கை மூடும் ஆபத்தும் உண்டு. பின்னிய போர்வை, பொம்மைக்கும் இதே விதிதான்: ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் அவை இருக்கக் கூடாது.

சூடு அதிகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கை கால் ஜில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பார்க்கணும். அங்கே வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றலாம்.

அந்துருண்டை வைத்த ஸ்வெட்டரா? உஷார்!

அக்கா குழந்தைக்குப் பின்னியது, அப்பா சின்ன வயதில் போட்டது என்று பழைய ஸ்வெட்டர்களைப் பத்திரப்படுத்தும் வீடுகள் அதிகம். பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை போட்டு வைப்பார்கள். இந்த உருண்டைகளில் பல நாப்தலினால் ஆனவை.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். நாப்தலின் ஆவி இவர்களின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரத்தசோகையும் கடும் மஞ்சள் காமாலையும் வரலாம். பிறந்த குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். அந்துருண்டை வைத்த துணியைப் போட்டதால் இப்படி ஆனது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. இந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியாது என்பதுதான் சிக்கல்.

அதனால் பிறந்த குழந்தையின் துணிக்கு அந்துருண்டை வேண்டவே வேண்டாம். துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூடிய பையில் வைத்தாலே போதும். ஏற்கெனவே உருண்டை வைத்த ஸ்வெட்டர் என்றால் பல முறை துவைத்து, வெளியில் காற்றாடப் போட்டு, வாடை முழுதாகப் போகும் வரை குழந்தை பக்கம் கொண்டு வரக் கூடாது. கண் மஞ்சளாவது, முகம் வெளிறுவது, சிறுநீர் அடர் நிறமாகப் போவது தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

எப்படித் துவைப்பது?

முதல் முறை போடுவதற்கு முன் கட்டாயம் துவைக்கணும். ஆட்டு ரோமக் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிக் கட்டியாகிவிடும், மறுபடி விரியாது. ஆறின தண்ணீர், மென்மையான சோப்பு, கசக்காமல் அழுத்திப் பிழிவது போதும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். துண்டின் மேல் பரப்பி நிழலில் காயவைக்கணும்.

பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கும் அம்மாவுக்கு இதற்கு நேரமிருக்காது. அதனால் மெஷினில் துவைக்கக்கூடிய நூலில் பின்னினால் அந்த ஸ்வெட்டர் உண்மையிலேயே பயன்படும். எந்த நூல், எப்படித் துவைக்கணும் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி, மீதி நூல் கொஞ்சத்தையும் சேர்த்துக் கொடுத்தால் கிழிசலை அதே நிறத்தில் சரி செய்யலாம்.

பின்னி விற்கலாமா?

வீட்டிலிருந்தே பொம்மை பின்னி ஆன்லைனில் விற்கும் பெண்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்வது அவசியம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பிஐஎஸ் தரச்சான்று கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் பொம்மையின் கண்ணுக்கு பட்டன் வைக்காமல் நூலாலேயே பின்னுவதுதான் பாதுகாப்பு.

கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

ஸ்வெட்டரை உள்ளே வெளியே திருப்பி நூல் இழை தொங்குகிறதா, பட்டன் கெட்டியா, கயிறு இல்லையே, கழுத்து விரிகிறதா, அந்துருண்டை வாடை இல்லையே என்று ஐந்தையும் பார்த்துவிட்டால் போதும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.