அம்மா கேட்டதையே கேட்கிறார்

டீ ஆறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடினால் பதற வேண்டாம். அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கலாம் என்கிறது 2023இல் வெளியான தேசிய ஆய்வு. ஏறக்குறைய பதினான்கு பேரில் ஒருவர். மற்ற பதின்மூன்று பேரும் கண்ணாடியைத் தேடுகிறவர்கள்தாம்.

பார்க்க வேண்டியது, கைவந்த வேலை நழுவுகிறதா என்பதை. தோத்தாபுரி மாங்காய் லோடுக்கு மனக்கணக்குப் போட்டே காசு வாங்கிய அப்பா, மளிகைக்கடையில் சில்லறை எண்ணத் திணறுகிறாரா? சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தனியாகப் போய்வந்தவர், பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திசை தெரியாமல் நிற்கிறாரா? புளி கரைத்துவிட்டு அடுத்து என்ன என்று அம்மா அடுப்பைப் பார்க்கிறாரா? கேட்டதைக் கால் மணிக்குள் மறுபடி கேட்கிறாரா, முன்பு கேட்ட நினைவே இல்லாமல்? “என் வளையலை மருமக எடுத்துட்டா” என்பதும் இந்தக் கணக்கில் வரலாம். வைத்த இடம் மறந்தால், திருட்டு என்று மனசு இட்டு நிரப்பிக்கொள்ளும். அதை மாமியார்-மருமகள் சண்டை என்றே நினைத்து மாதக்கணக்கில் முகம் தூக்கித் திரிகிற வீடுகள் உண்டு.

நம் ஊரில் மொழிச் சிக்கல் வேறு. 1911இல் சென்னை மாகாணத்தில் உருவாகி, 1953இல் ஆந்திரத்துக்குப் போன மாவட்டம் நம் சித்தூர். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. இது நல்லதும்கூட. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள்: ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. ஆனால் தமிழில் படித்த அம்மாவைத் தெலுங்கில் கேள்வி கேட்டுச் சோதித்தால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். எந்த மொழி சரளம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டே நாளில் ஆள் குழம்பிப்போனால் கதை வேறு. சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைவாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெல்ல வந்தாலும் தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை என்று டிமென்ஷியா வேஷம் போடுபவை பல. எப்போதோ வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம்கூட. இவற்றுக்கெல்லாம் வைத்தியம் உண்டு என்பதால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். திருப்பதியில் ஸ்விம்ஸ், ரூயா ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சிஎம்சியும் பக்கம்தான்.

போகும்போது மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து உட்பட. எப்போதிலிருந்து, என்னென்ன மாறியது என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே “இவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார்” என்று ஆரம்பிக்காதீர்கள்.