விழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்

திருவண்ணாமலையில் நான் குடியிருக்கும் தெருவில் மாலை 5 மணிக்கு மேல் ஸ்கேட்போர்டு எனப்படும் சக்கரப் பலகைகளின் ஓசை தொடங்கிவிடும். அதைத் தடைசெய்யக் கோரும் மனுவுடன் அண்டை வீட்டார் சென்ற மாதம் வந்தனர். முதல் கையொப்பம் என்னுடையதாக இருக்க வேண்டுமாம். அந்தச் சிறுவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு முடிவெடுக்க எண்ணி, வாசலில் அமர்ந்தேன்.

அவர்கள் பழகுவது 'கிக்ஃபிளிப்' என்னும் வித்தை. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் தட்டி எம்ப வேண்டும். அதே கணத்தில் முன்காலைப் பலகையின் முனை நோக்கி உரசியவாறு நகர்த்தி, ஓரத்தில் சுண்டிவிட வேண்டும். பலகை தன் நீள அச்சில் ஒரு முழுச்சுற்று சுழன்று வரும்போது, அந்தரத்தில் இருக்கும் கால்கள் அதன்மீது இறங்க வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கைவரப் பெறுவதற்கோ பலருக்கு மாதங்கள் ஆகும்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர் ராட்னி முல்லன் சமதரையில் உருவாக்கிய வித்தை இது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றபோது, ஜப்பானின் மோமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வென்றார். நமக்கும் இது அந்நியமன்று. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி சக்கரப் பலகை பழகிய கதையைக் கூறும் குறும்படம், 2020-இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015-இல் இதற்கெனவே ஒரு திடல் அமைந்தது. பள்ளிக்குச் செல்வோருக்கே அங்கு அனுமதி. பெண் குழந்தைகளுக்கே முன்னுரிமை.

ஒரு மாலையில் எங்கள் தெருச் சிறுவன் ஒருவனின் முயற்சிகளை எண்ணினேன். 40 முறை முயன்றான், ஒருமுறைகூடக் கைகூடவில்லை. ஆயினும் அவன் முகத்தில் அவமானம் இல்லை. பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த எனக்கு அது உறைத்தது. நம் வகுப்பறைகளில் ஒரு தோல்வியின் விலை மிக அதிகம். மதிப்பெண் பட்டியலில் அது நிலைத்துவிடுகிறது. அதனால்தான் மாணவர்கள் முயல்வதற்கே தயங்குகின்றனர். தோல்வியின் விலை குறையும்போது முயற்சியின் அளவு தானே பெருகும்.

ஆனால் இருசக்கர வாகனங்கள் விரையும் தெருவில் அந்த விலை உயிராகவும் இருக்கக்கூடும். அன்று மாலையே நழுவி ஓடிய பலகை ஒன்று, முதியவர் ஒருவரின் காலை உரசிச் சென்றது. ஆகவே, அண்டை வீட்டாரின் அச்சத்தைப் புறந்தள்ளவும் இயலாது. பிழை சிறுவர்களிடத்தில் இல்லை. இடம் இல்லாமையில் இருக்கிறது. விளையாட்டுத் திடல் ஒரு பொதுநன்மை. அதன் பயன் ஊர் முழுவதற்கும் பரவுவதால், இலாபம் கருதும் தனியார் எவரும் அதனை அமைக்க முன்வருவதில்லை. மாநகராட்சியாகத் தரம் உயர்ந்துள்ள நம் நகரில், ஏதேனும் ஒரு பூங்காவின் மூலையில் வழவழப்பான கான்கிரீட் தளமும், தலைக்கவசம் கட்டாயம் என்ற விதியும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

அந்த மனுவில் நான் கையொப்பமிடவில்லை. தடைக்குப் பதிலாகத் திடல் கோரி வேறொரு மனுவை எழுதினேன். காலில் அடிபட இருந்த அந்த முதியவரே அதில் முதலில் கையொப்பமிட்டார்.