திரை அசைவது எதற்காக?

கைபேசியில் ஒரு மின்னஞ்சலை அழிக்கிறோம். அது இருந்த வரி சுருங்கி மறைய, கீழே இருந்தவை ஒரு படி மேலே ஏறுகின்றன. அரை நொடிகூட ஆகாத இந்த நகர்வை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதை எடுத்துவிட்டால்தான் அருமை தெரியும். பட்டியல் சட்டென்று வேறொன்றாகிவிடும், போனது எது என்று கண் அலையும். ஒரே காட்சியின் இரண்டு படங்களுக்கு நடுவே கணநேரம் வெற்றுத்திரை வந்தால், பெரிய மாற்றம்கூட வெகுநேரம் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை என்று 1997இல் ரொனால்ட் ரென்சிங்க் குழுவினர் சோதித்துக் காட்டினார்கள். அந்த இடைவெளியை அடைப்பதுதான் திரை அசைவின் வேலை: எது எங்கே போனது என்று சாட்சி சொல்வது. அந்த வேலையைத் தாண்டி, பாடம் நடத்தும் பொறுப்பை அதன் தலையில் கட்டினால் தடுமாறுகிறது என்பது என் வாதம்.

ஜார்ஜ் ராபர்ட்சன் என்ற ஒரே ஆய்வாளரின் பணியிலேயே இதற்கு இருபக்கச் சான்றும் இருக்கிறது. 1991இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் அவரும் மெக்கின்லேயும் கார்டும் ‘கூம்பு மரம்’ என்றொரு திரையமைப்பை உருவாக்கினார்கள். கோப்புகளின் கிளைகள் ராட்டினம்போல் அடுக்கடுக்காகத் தொங்கும். ஒன்றைத் தொட்டால் மரமே மெல்லச் சுழன்று அதை முன்னால் கொண்டுவரும். சுழலாமல் தாவினால், எது எங்கே இருக்கிறது என்று மனம் மறுபடி கணக்குப் போட வேண்டும். சுழன்றால் அந்தச் சுமையைக் கண்ணே வாங்கிக்கொள்கிறது. 2007இல் ஜெஃப்ரி ஹீருடன் சேர்ந்து அவர் நடத்திய சோதனையும் இதையே சொன்னது. ஒரு வரைபடம் இன்னொன்றாக மாறும்போது புள்ளிகள் நகர்ந்துபோய் உட்கார்ந்தால், பார்ப்பவர்கள் அவற்றைக் கூடுதல் துல்லியமாகப் பின்தொடர்ந்தார்கள். ஆனால் மறு ஆண்டே, 2008இல், அவரும் வேறு சிலரும் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். நாடுகளின் பல ஆண்டுப் போக்கை நகரும் குமிழிகளாகக் காட்டினால் நன்றாகப் புரியுமா? பங்கேற்றவர்களுக்குக் குமிழிகள் பிடித்துப்போயின. விடைகளிலோ பிழைகள் மலிந்தன. தாங்களே தரவை அலசிப் பார்க்கும் வேலையில், அசையாத வரைபடங்கள் அனிமேஷனைவிட வேகமாக விடை தந்தன. நாட்டுக்கொன்றாகச் சிறு கட்டங்களில் வரைந்தவை துல்லியத்திலும் முந்தின.

அப்படியானால் ஹான்ஸ் ரோஸ்லிங்? 2006இல் அந்த சுவீடன் மருத்துவர் மேடையில் குமிழிகளை ஓடவிட்டபோது அரங்கம் சொக்கிப்போனதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே குமிழிகள் தனியாக ஓடவில்லை. பந்தய வர்ணனையாளரைப்போல எந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்று நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டு அவரும் கூடவே ஓடினார். அவர் இல்லாத திரையில், ஒரே நேரத்தில் நகரும் நான்கைந்து பொருள்களுக்கு மேல் நம் கண்ணால் தொடர முடியாது. ‘அனிமேஷனில் படித்தால் நன்றாகப் புரிகிறது என்று ஆய்வுகள் இருக்கின்றனவே’ என்பது அடுத்த மறுப்பு. 2002இல் பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் அந்த ஆய்வுகளைப் பிரித்து மேய்ந்தார்கள். அனிமேஷன் வென்றதாகச் சொன்ன பலவற்றில், அசையும் படத்தில் இருந்த தகவல் அசையாத படத்தில் இல்லவே இல்லை. ஒருவருக்கு மட்டும் கூடுதல் குறிப்பைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போலத்தான் இது. பார்ப்பவரே நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்க முடிந்தால் நிலைமை மேம்படலாம் என்று அவர்கள் கருதினார்கள். கட்டுப்பாடு கைக்கு வந்துவிட்டால் அசைவுக்குக் கண் அடிமையாக வேண்டியதில்லை. (விளம்பரப் பெட்டிகள் துள்ளுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அவை துள்ளுவது நம் வேலைக்காக இல்லை.)

கணினி வேகமாக இருக்கையில் அசைவுக்காக நம்மைக் காக்க வைப்பானேன் என்ற முணுமுணுப்பும் உண்டு. நொடிக்கணக்கில் நீளும் அலங்காரங்களுக்கு அது பொருந்தும். கால் நொடி நகர்வு தின்னும் நேரம், தொலைந்ததைத் தேடும் நேரத்தைவிடக் குறைவு. கனமான புகார் வேறொன்று இருக்கிறது: தலைச்சுற்றல். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வெளியானபோது, செயலிகள் முகத்தை நோக்கிப் பாய்ந்து திறப்பது போன்ற காட்சி சிலருக்குக் குமட்டலைத் தந்தது. உடல் அசையவில்லை என்று உட்செவி சொல்ல, அசைகிறது என்று கண் சொல்வதால் வரும் மயக்கம் அது. இன்று ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அசைவைக் குறைக்கும் வசதி, அணுகல்தன்மை அமைப்புகளில் இருக்கிறது. ஐபோனில் அதைப் போட்டால் பாய்ச்சல் நின்றுவிடும். ஆனாலும் திரை சட்டென்று மாறாது. ஒரு காட்சி கரைந்து, அதற்குள்ளிருந்து அடுத்தது தெளியும்.