வரி இல்லாதவரும் காட்ட வேண்டிய கணக்கு

வருமான வரி கட்டுவது வேறு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வது வேறு. சம்பளத்திலேயே வரியைப் பிடித்துவிட்டார்களே, இன்னும் என்ன கணக்கு என்று கேட்பவர்கள் உண்டு. நமக்குத்தான் வரியே வராதே என்று விட்டுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டில் மொத்த வருமானம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினாலே கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். 12 லட்சம் வரை வரி வராமல் போவது 87ஏ பிரிவின் தள்ளுபடியால். அந்தத் தள்ளுபடியைக் கேட்டுப் பெறும் இடமே இந்தக் கணக்குதான்.

வருமானம் 4 லட்சத்துக்குள் இருந்தாலும் சிலருக்கு விலக்கு இல்லை. ஓராண்டில் மின் கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டிருந்தாலோ, டிடிஎஸ் எனப்படும் வரிப் பிடித்தம் 25,000 ரூபாயை எட்டியிருந்தாலோ (மூத்த குடிமக்களுக்கு 50,000) தாக்கல் கட்டாயம். டிடிஎஸ் பிடித்திருந்து வரி வராதவர்களுக்கு இது லாபமும்கூட. பிடித்த பணம் ரீஃபண்டாகத் திரும்புவதற்கு வேறு வழி கிடையாது.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது ஆண்டுக் குழப்பத்தில். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஈட்டியது 2025-26 நிதியாண்டின் வருமானம். அதற்கான கணக்கில் தேர்வு செய்ய வேண்டியது 2026-27 மதிப்பீட்டு ஆண்டை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இந்த இரட்டைப் பெயரை ஒழித்து ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாக்கிவிட்டது. ஆனாலும் 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

கையில் இருக்க வேண்டியவை பான் எண், அதோடு இணைக்கப்பட்ட ஆதார், வங்கிக் கணக்கு விவரம், அலுவலகம் ஜூன் 15க்குள் தரும் படிவம் 16. இவற்றைவிட முக்கியமான ஒன்று வருமான வரித் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை அது. எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, எந்தப் பங்கு எப்போது விற்கப்பட்டது, டிவிடெண்ட் எவ்வளவு வந்தது என்று துறைக்கு வந்து சேர்ந்த செய்தியெல்லாம் அதில் இருக்கும். படிவம் 26ஏஎஸ், பிடித்த வரி அரசுக் கணக்கில் சேர்ந்ததா என்று காட்டும். சொல்லப்போனால் கணக்கில் பாதியைத் துறை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. தாக்கல் செய்பவரின் வேலை அதைச் சரிபார்ப்பதும் விட்டுப்போனதைச் சேர்ப்பதும்தான். அறிக்கையில் தவறு இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்கலாம்.

பெரும்பாலும் விட்டுப்போவது எஃப்.டி. வட்டி. ஒருவரின் ஆண்டுச் சம்பளம் 12,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலைக் கழிவு 75,000 போனால் 11,85,000. பன்னிரண்டு லட்சத்துக்குள் இருப்பதால் அலுவலகம் வரி பிடிக்காது. வங்கியிலிருந்து அவருக்கு 40,000 ரூபாய் வட்டி வருகிறது. ஒரு வங்கியின் வட்டி 50,000ஐத் தாண்டாதவரை டிடிஎஸ் இல்லை என்பதால் அங்கேயும் பிடித்தமில்லை. இரண்டு இடத்திலும் பிடிக்காததால் வரியே இல்லை என்று அவர் நினைப்பது இயல்பு. கூட்டினால் 12,25,000 வருகிறது. விகிதப்படி வரி 63,750. ஆனால் 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்றொரு சலுகை இருக்கிறது. ஆகவே வரி 25,000, அதன்மேல் 4 சதவீத செஸ் 1,000, ஆக மொத்தம் 26,000 ரூபாய். வரி 10,000 ரூபாயைத் தாண்டுவதால் முன்கூட்டியே கட்டாததற்கு வட்டியும் சேரும். நாற்பதாயிரம் வட்டியை மறந்ததற்கு இருபத்தாறாயிரம் வரி.

ஆண்டின் நடுவே வேலை மாறியவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு அலுவலகங்களும் தனித்தனியே நிலைக் கழிவு கொடுத்து, தனித்தனியே விகிதம் பார்த்திருக்கும். இரண்டு படிவம் 16ஐயும் சேர்த்துப் பார்க்கும்போது பாக்கி வெளியே வரும். பங்கு விற்ற லாபத்தில் இன்னொரு கண்ணி: குறுகிய கால லாபத்துக்கான 20 சதவீத வரிக்கு 87ஏ தள்ளுபடி செல்லாது.

எதுவும் தேர்வு செய்யாவிட்டால் புதிய வரி முறைதான் பொருந்தும். அதில் வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு போன்றவற்றுக்கான 80சி கழிவோ, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி கழிவோ, வீட்டு வாடகைப் படிச் சலுகையோ கிடையாது. இவையெல்லாம் பெரிய அளவில் உள்ளவர்கள் மட்டும் பழைய முறையையும் போட்டுப் பார்க்கலாம். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுக்காண்டு மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

படிவத்தைப் பொறுத்தவரை, 50 லட்சத்துக்குள் சம்பளம் அல்லது ஓய்வூதியம், வட்டி ஆகியவை மட்டும் உள்ளவர்களுக்கு ‘சஹஜ்’ என்ற ஐடிஆர்-1 போதும். குறுகிய கால மூலதன ஆதாயமோ, 5,000 ரூபாயைத் தாண்டிய விவசாய வருமானமோ இருந்தால் ஐடிஆர்-2. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான், ஆனால் காட்டாமல் விட முடியாது. கடை, தொழில் நடத்துபவர்களுக்கு ஐடிஆர்-3 அல்லது 4. அவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பதே மேல்.

இணையதளத்தில் பான் எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் பெரும்பாலான கட்டங்கள் நிரப்பப்பட்டே இருக்கும். சரிபார்த்து, பாக்கி வரியைக் கட்டி, சமர்ப்பிக்கலாம். பலர் இத்துடன் மூடிவிடுகிறார்கள். 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி அல்லது நெட் பேங்கிங் மூலம் இ-வெரிஃபை செய்யாத கணக்கு கணக்கே அல்ல. இணையம் ஒத்துவராதவர்கள் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம்.

சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. 2025இல் அது செப்டம்பர் 16 வரை நீண்டது. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நீளும் என்று காத்திருப்பது சரியல்ல. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய், மேல் என்றால் 5,000. பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி தனி. பங்கில் நஷ்டம் வந்திருந்தால் அதை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகும் உரிமையும் தாமதத்தால் பறிபோகும்.

கணக்கைப் பரிசீலித்ததும் 143(1) பிரிவின் கீழ் மின்னஞ்சலில் ஓர் அறிவிப்பு வரும். அதைத் திறக்கும் கடவுச்சொல், சிறிய எழுத்துகளில் பான் எண்ணும் தொடர்ந்து பிறந்த தேதியும். நோட்டீஸ் வந்துவிட்டதே என்று பதற வேண்டியதில்லை, எல்லோருக்கும் வருவதுதான். தாக்கல் செய்தவரின் கணக்கும் துறையின் கணக்கும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் வேலை முடிந்தது. ரீஃபண்ட் இருந்தால், இணையதளத்தில் முன்பே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்கு நேராக வந்துவிடும். அதற்காக லிங்கை அழுத்தச் சொல்லியோ, ஓடிபி கேட்டோ வரும் குறுஞ்செய்திகள் மோசடிக்காரர்களுடையவை.