கம்பியும் தோலும் இல்லாத கச்சேரி

1981-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இங்கிலாந்தின் ‘ஹ்யூமன் லீக்’ குழுவினர் வெளியிட்ட ‘டேர்’ என்னும் இசைத்தட்டின் உறையைப் புரட்டிப் பார்த்தால், பாடியவர்களும் பாட்டு இயற்றியவர்களும் இடம்பெறுவது போலவே லின் எல்.எம்-1, ரோலண்ட் எம்.சி-8, ரோலண்ட் சிஸ்டம் 700, கோர்க் 770, யமஹா சி.எஸ்-15 என்று யந்திரங்களின் பெயர்களும் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். கிதார் இல்லை, பிடில் இல்லை, தோல் போர்த்திய வாத்தியம் ஒன்றும் இல்லை. மனிதக் குரலைத் தவிர அத்தட்டில் நம் காதில் விழும் சப்தங்கள் யாவும் சிந்தசைஸர் என்னும் மின்னணு வாத்தியத்திலிருந்தும் அதைச் சார்ந்த கருவிகளிலிருந்தும் எழுந்தவை. இத்தகைய தட்டு ஏதேனும் ஒரு சர்வகலாசாலையின் மூலையில் நாலு பேர் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறந்து போகும் வஸ்துவாக இருந்திருக்கவேண்டும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதிலுள்ள ஒரு பாட்டு அந்த நாட்டில் மாத்திரம் 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விலை போயிற்று. அதே பாட்டு 1982 ஜூலையில் அமெரிக்காவிலும் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது.

பரீக்ஷையையும் ஜனரஞ்சகத்தையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்துச் சமன் செய்துவிட்டார்கள் என்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லுவது வழக்கம். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. தராசிலே ஒரு தட்டு ஏறவேண்டுமானால் மற்றது இறங்கித்தான் ஆகவேண்டும். இவர்களோ பரீக்ஷையில் ஒரு குன்றிமணி எடையையும் குறைக்கவில்லை. சொல்லப்போனால் முன்பு இருந்ததைவிடக் கடுமையான நியமத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்த நியமத்துக்கு உள்ளே, சங்கீதப் பயிற்சி என்பதே அறியாத சாதாரண மனிதக் குரல்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தக் குழு தோன்றிய ஷெஃபீல்ட் உருக்குத் தொழிலுக்குப் பேர் போன ஊர். இரவெல்லாம் பட்டறைகளின் சம்மட்டி ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு யந்திரத்தின் சப்தம் சங்கீதமாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை என்று அவ்வூர்க்காரர்கள் சொல்லுவதுண்டு. 1977-ல் குழுவைத் தொடங்கிய மார்ட்டின் வேரும் இயான் கிரெய்க் மார்ஷும் கம்ப்யூட்டர் இயக்குபவர்களாக வேலை பார்த்தவர்கள். பாடுவதற்கு அவர்கள் பிடித்துக்கொண்டு வந்த ஃபிலிப் ஓக்கி ஓர் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி. அதற்குமுன் எந்தக் குழுவிலும் பாடியவரல்லர். முதலில் நினைத்திருந்த பாடகர் ஊரில் இல்லாமற் போகவே, பார்ப்பதற்கு நட்சத்திரம் மாதிரி இருக்கிறார் என்ற ஒரே யோக்கியதாம்சத்தின் பேரில் ஓக்கி தேர்ந்தெடுக்கப்பட்டார். முகத்தின் ஒரு பக்கத்தில் தோள் வரை தொங்கும் கேசமும் மறுபக்கத்தில் கத்தரித்த கிராப்புமாக அவர் நின்ற கோலம், சில காலம் அவருடைய பாட்டைவிட அதிகப் பிரசித்தி பெற்றிருந்தது. 1978-ல் வந்த அவர்களது முதல் பாட்டாகிய ‘பீயிங் பாயில்ட்’ பட்டுப்புழு வளர்ப்பின் ஜீவஹிம்சையைக் கண்டித்துப் புத்தரையும் துணைக்கு அழைக்கிறது. காஞ்சீபுரத்துப் புடவை கட்டுகிறவர்கள் சற்று நெளியவேண்டிய விஷயந்தான். இங்கிலாந்திலோ அன்றைக்கு அதை வாங்கக்கூட ஆள் அதிகம் இல்லை. பின்னர் வர்ஜின் கம்பெனிக்காக இவர்கள் செய்த இரண்டு பெரிய தட்டுகளும் விமரிசகரின் கவனத்தைப் பெற்றனவே ஒழிய, கம்பெனியின் கணக்கில் கடனைத்தான் ஏற்றின.

1980 அக்டோபரில் குழு உடைந்தது. வேரும் மார்ஷும் பிரிந்து சென்று ‘ஹெவன் 17’ என்ற புதுக் குழுவை அமைத்தார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் இரண்டு பேரும் போய்விட, எஞ்சியவர்கள் ஓக்கியும், மேடையின் பின்னே திரையில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட்டும். குழுவின் பெயர் இவர்களிடம் தங்கியது. பெயரோடு கடனும், சில நாட்களில் புறப்பட்டாகவேண்டிய ஐரோப்பியச் சுற்றுப்பயணமும் இவர்கள் தலையில் விழுந்தன. பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் மூளை அந்தப் பக்கம் போய்விட்டது, முகம் மட்டும் இந்தப் பக்கம் நிற்கிறது என்றே முடிவு கட்டினார்கள். அன்றைய நிலவரத்தில் எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்த நெருக்கடியில் ஓக்கி செய்த காரியம் முதற் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். வேர் பாடிவந்த உச்சஸ்தாயிப் பகுதிகளைப் பாட ஒரு பெண் குரல் தேவைப்பட்டது. அதற்காக அவர் ‘கிரேஸி டெய்ஸி’ என்ற ஷெஃபீல்ட் நடன விடுதிக்குப் போய், அங்கே ஆடிக்கொண்டிருந்த சூஸன் ஆன் ஸல்லி, ஜோஆன் கேத்தரால் என்ற இரண்டு பள்ளிக்கூட மாணவிகளைக் கண்டு, தங்களோடு பயணம் வரச் சம்மதமா என்று கேட்டார். ஒருத்திக்கு வயது 17, மற்றவளுக்கு 18. இருவரும் இணைபிரியாத சிநேகிதிகள். ஆகவே ஒரு குரலுக்குப் பதில் இரண்டு குரல்கள் வந்து சேர்ந்தன. அந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரு கச்சேரிக்கு அவர்கள் ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்களாம்! பெற்றோரின் அனுமதியைப் பெற்று மேடையேறியபோது, பழைய நால்வரை எதிர்பார்த்து வந்த ரசிகர்களிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு கூச்சலும் ஏளனமுமே. ஆனாலும், சிட்சை பெறாத, சற்றே தட்டையான, பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்கு நடுவே முணுமுணுப்பதை ஒத்த அந்தக் குரல்கள்தாம் பிற்பாடு யந்திரங்களின் நடுவே உட்கார்ந்து அவற்றுக்கு ஒரு வீட்டின் சூழ்நிலையை உண்டாக்கின. தேர்ந்த பாடகிகள் இருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால், தட்டு இன்னும் அழகாக இருந்திருக்கும்; இவ்வளவு நெருக்கமாக இருந்திராது.

பிறகு இயான் பர்டன் என்பவர் சேர்ந்தார். பின்னர் ‘ரெஸில்லோஸ்’ என்ற பங்க் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஜோ காலிஸ் வந்து சேர்ந்தார். அவருடைய கிதாரைக் கீழே வைக்கச் சொல்லி, அவருக்குப் பழக்கமே இல்லாத சிந்தசைஸர் விசைப்பலகையின் முன்னே உட்கார வைத்தார்கள். நியமம் என்று முன்பு குறிப்பிட்டேனே, அது இத்தகையது.

இத்தனை பேரையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தவர் மார்ட்டின் ரஷெண்ட் என்ற தயாரிப்பாளர். ‘ஸ்ட்ராங்லர்ஸ்’, ‘பஸ்காக்ஸ்’ முதலிய முரட்டுக் கிதார்க் குழுக்களின் தட்டுகளைத் தயாரித்துப் பெயர் வாங்கிய அவருக்கு, அக்காலத்தில் மின்னணுக் கருவிகளின்மீது ஒரு மோகம் உண்டாகி, பெர்க்‌ஷயரில் ஸ்ட்ரீட்லி என்னும் கிராமத்தில் ‘ஜெனடிக்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தையே நிறுவியிருந்தார். அங்கே நடந்த வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது அவசியம்; ஏனெனில் பொத்தானை அமுக்கினால் யந்திரம் தானே பாடிவிடும் என்ற அபிப்பிராயம் இன்றைக்கும் பலருக்கு இருக்கிறது.

எம்.சி-8 என்ற கருவிக்கு ஸ்வரம் தெரியாது, எண்தான் தெரியும். ஒரு ஸ்வரத்தை அது ஒலிக்கவேண்டுமானால், அதன் ஸ்தாயி எவ்வளவு, அடுத்த ஸ்வரம் எத்தனை நேரம் கழித்து வரவேண்டும், அதற்குள் இந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும் என்று மூன்று எண்களைக் கணக்குப் பொறியில் தட்டுவதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டவேண்டும். கேட்பவன் நாலு விநாடியில் கடந்துபோகும் ஓர் அடிக்கு, மணிக்கணக்காக எண் தட்டும் வேலை உண்டு. வித்வானின் விரல் லாகவத்துக்குப் பதிலாக இங்கே குமாஸ்தாவின் பொறுமை தேவைப்பட்டது. அதற்குக் கைம்மாறாகக் கிடைத்தது, எந்த மனிதக் கையும் தரமுடியாத லய சுத்தம்: ஒவ்வொரு ஸ்வரமும் தன் இடத்தில், மயிரிழை பிசகாமல், விழுகிறது.

தாளத்துக்கு இருந்த எல்.எம்-1 வேறு வகை. ராஜர் லின் என்னும் அமெரிக்கர் 1980-ல் வெளியிட்ட அந்தப் பெட்டி, அதற்கு முந்திய தாளக் கருவிகளைப்போல் மின்சாரத்தால் மத்தள ஓசையைப் போலி செய்யாமல், உண்மையான மத்தளங்களின் ஓசையையே பதிவு செய்து, எண்களாக்கி, சில்லுகளில் சேமித்து வைத்திருந்தது. நினைவுச் சில்லுகள் அன்றைக்கு யானை விலை. ஆகவே நெடுநேரம் அதிர்ந்து தேயும் பெரிய ஜாலராவின் ஓசைக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. ‘டேர்’ தட்டில் தாளம் ஏன் இவ்வளவு வறட்சியாக, கணீரென்று, ஒவ்வோர் அடிக்குமிடையே வெட்ட வெளியோடு கேட்கிறது என்பதற்கு அந்தப் பெட்டியின் இந்தக் குறையும் ஒரு காரணம். வழக்கமாக ஜாலரா நிரப்பும் அந்த வெளியில்தான் குரல்கள் வந்து உட்கார இடம் கிடைத்தது.

முதலில் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் தி க்ரவுட்’ பட்டியலில் 12-ஆம் இடம் வரை ஏறியது; ‘லவ் ஆக்‌ஷன்’ மூன்றாம் இடம்; ‘ஓப்பன் யுவர் ஹார்ட்’ ஆறாம் இடம். இந்தச் சிறு தட்டுகளின் உறைகளில் ‘சிவப்பு’ என்றும் ‘நீலம்’ என்றும் அச்சிட்டு, சிவப்பு ஆடுவதற்கு, நீலம் சாமானிய ரசிகர் கேட்டு மகிழ்வதற்கு என்று குறி வைத்தார்கள். மேதாவிகளின் பட்சத்திலா, கடைவீதியின் பட்சத்திலா என்று தங்களைக் கேட்பவர்களுக்குப் பதிலாக இவர்கள் செய்த கேலி அது என்று நினைக்கிறேன். பெரிய தட்டிலுள்ள பத்து உருப்படிகளும் ஒரே தரமானவை என்று சொல்லமாட்டேன். சித்திரக் கதைப் போலீஸ்காரன் ஜட்ஜ் ட்ரெட்டைப் பற்றிய ‘ஐ ஆம் தி லா’ கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கிறது. ஆனால் அதை அடுத்து வரும் ‘செகண்ட்ஸ்’, ஜனாதிபதி கென்னடியின் கொலையை எடுத்துக்கொண்டு, சுட்டவனையே முன்னிலைப்படுத்திப் பேசும் அபூர்வமான பாட்டு. ஒரு சரித்திரத்தைத் திருப்பிவிடச் சில விநாடிகள் போதும் என்ற பயங்கரத்தை, ஈவிரக்கமின்றி ஒரே சீராக அடித்துக்கொண்டே போகும் அந்தத் தாளத்தைவிட வேறெதுவும் இவ்வளவு நன்றாக உணர்த்தியிருக்க முடியாது.

கடைசியாக வைத்த பாட்டுத்தான் ‘டோண்ட் யூ வாண்ட் மி’. மது விடுதியில் பணிப்பெண்ணாக இருந்த ஒருத்தியைத் தானே தூக்கிவிட்டு நட்சத்திரமாக்கியதாகப் பெருமை பேசி, அவள் விலகப் பார்க்கும்போது கெஞ்சலும் மிரட்டலுமாகப் பேசுகிறான் ஓர் ஆண். நீ இல்லாவிட்டாலும் நான் முன்னுக்கு வந்திருப்பேன் என்று அமைதியாக மறுமொழி சொல்லுகிறாள் அவள். அவளுக்காகப் பாடியவர் ஸல்லி. இது காதற் பாட்டே அல்ல, ஆணும் பெண்ணும் ஒருவர்மீது ஒருவர் செலுத்தப் பார்க்கும் அதிகாரத்தைப் பற்றியது என்று ஓக்கி பலமுறை சொல்லியும், ஜனங்கள் அதைக் காதற் பாட்டாகவே பாவித்துக் கல்யாண விருந்துகளில் ஆடுகிறார்கள். ஓக்கிக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்பது இன்னும் வேடிக்கை. ரஷெண்ட் அதை மெருகேற்றிய விதம் தங்கள் கடுமையைக் கரைத்துவிட்டது என்று கருதி, தட்டின் இரண்டாம் பக்கத்தின் கடைக்கோடியில் அதைத் தள்ளி வைத்தார். தனித் தட்டாக வெளியிடலாம் என்று வர்ஜின் கம்பெனியின் ஸைமன் டிரேப்பர் சொன்னபோது, வேண்டாம் என்று மன்றாடியும் பார்த்தார். கம்பெனி கேட்கவில்லை. 1981 கிறிஸ்துமஸுக்கு அது முதலிடத்தைப் பிடித்து ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. தனிப்பாட்டுப் பட்டியலில் வர்ஜின் கம்பெனிக்குக் கிடைத்த முதல் முதலிடம் அதுவே. ஸ்டீவ் பாரன் இயக்கிய அதன் வீடியோ, அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியிருந்த எம்.டி.வி. மூலமாக அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது. பழைய ‘பீயிங் பாயில்ட்’ பாட்டையும் இந்த அலையோடு மறுபடி வெளியிட்டார்கள். நான்காண்டுகளுக்கு முன் ஏறெடுத்தும் பார்க்காத அதே ஜனங்கள் பட்டுப்புழுவின் துயரத்தை ஆறாம் இடம் வரை ஏற்றிவிட்டார்கள். பாட்டில் அடிப்படையாக ஒன்றும் மாறவில்லை. கேட்பவர்களின் காதுதான் இடைக்காலத்தில் பழகியிருந்தது.

எல்லாரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்லுவதற்கில்லை. 1982 மே மாதத்தில் பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, ஒலிப்பதிவிலும் கச்சேரியிலும் சிந்தசைஸரையும் தாள யந்திரத்தையும் தடை செய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டது; சங்கம் முழுவதும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வயிற்றுப் பிழைப்புக்குப் பிடில் வாசித்தவர்களின் அச்சத்தைப் பரிகசிப்பது முறையன்று. ஆனால் யந்திரம் வந்தால் கைவேலை ஒழிந்துபோம் என்ற அவர்களுடைய கணக்கில் ஒரு பிசகு இருந்தது என்பதற்கு ரஷெண்டின் அடுத்த காரியமே சாட்சி. நியூயார்க்கின் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் தட்டுகளைத் திருப்பித் திருப்பிச் சுழற்றிச் செய்த வித்தைகளால் கவரப்பட்ட அவர், ‘டேர்’ பாட்டுக்களின் நாடாக்களை எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, அளவுகோலால் அளந்து, பசைநாடாவால் ஒட்டி, பாட்டை அநேகமாகக் குறைத்து வாத்தியத்தையே பிரதானமாக்கி ‘லவ் அண்ட் டான்ஸிங்’ என்ற தட்டைச் செய்தார். அதில் 2,000-க்கு மேற்பட்ட ஒட்டுகள் இருந்தனவாம். ஓர் எழுத்து மட்டும் திக்கித் திக்கி ஒலிக்கவேண்டுமானால், அந்த எழுத்து பதிந்த நாடாத் துணுக்கைப் பலமுறை நகல் எடுத்துக் கையால் கோக்கவேண்டும். 1982 ஜூலையில் வெளிவந்த அதுவும் மூன்றாம் இடம் வரை ஏறியது.

அதற்குப் பின் குழுவுக்கும் ரஷெண்டுக்கும் இணக்கம் கெட்டது. 1984-ல் வந்த ‘ஹிஸ்டீரியா’ முடிவதற்குள் அவர் விலகிவிட்டார், அந்தத் தட்டும் முன்னதன் உயரத்தை எட்டவில்லை. ஓக்கியும் அந்த இரண்டு சிநேகிதிகளும் மட்டும் பிரியாமல், இன்றும் மூவருமாக மேடையேறிப் பாடிவருகிறார்கள். இதுவரை கேட்டிராத வாசகர்கள் ‘டேர்’ தட்டை எங்கே தொடங்கிக் கேட்கலாம் என்றால், முதலிடம் பெற்ற பாட்டை உடனே தேடிப் போகாமல், ‘செகண்ட்ஸ்’ பாட்டில் தொடங்கி, வரிசை மாறாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டு போகும்படி சிபாரிசு செய்வேன். மொத்தம் மூன்றே பாட்டுக்கள்தாம். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.