கதவைப் பூட்ட மறந்தார் பேராசிரியர்... உலகமே பார்த்தது ஒரு குடும்பத்தை!

2017 மார்ச் 10. தென் கொரிய அதிபர் பார்க் குன்-ஹேயைப் பதவியிலிருந்து நீக்கி அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள். அதுபற்றிப் பேச, பூசான் நகரில் அரசியல் பாடம் நடத்தும் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் கெல்லியை அழைத்தது பி.பி.சி. வீட்டிலேயே ஓர் அறை. கோட், டை, பின்னால் சுவரில் உலக வரைபடம். ஸ்கைப் வழியாக நேரலை. எல்லாம் பக்காவாகத்தான் இருந்தது.

பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கதவு திறக்கிறது. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட 4 வயது மகள் உள்ளே வருகிறாள். கையை வீசி வீசி, திருவிழாவுக்குக் கிளம்பியவள் மாதிரி ஒரு நடை. அன்று அவள் பள்ளியில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு வந்திருந்தாள். அந்த உற்சாகம் இன்னும் இறங்கவில்லை. 'உங்கள் குழந்தை உள்ளே வந்துவிட்டாள்போல' என்று லண்டனிலிருந்து தொகுப்பாளரே சொல்கிறார். கெல்லி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் மகளைப் பின்னால் தள்ளப் பார்க்கிறார். அதற்குள் வாக்கரில் உருண்டபடி கைக்குழந்தையும் ஆஜர்!

அடுத்த நொடி, மனைவி கிம் ஜங்-ஆ சறுக்கியபடி பாய்ந்து வருகிறார். குனிந்துகொண்டே இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போகிறார். பிறகு, கேமராவில் தெரியக் கூடாது என்று தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து கதவைச் சாத்துகிறார். மொத்தமாக ஒரு நிமிஷம்கூட இல்லை. கோடிக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

'இனி டி.வி-யில் கூப்பிடவே மாட்டார்கள்' என்றுதான் கெல்லி முதலில் நினைத்தார். அந்த வீடியோவை இணையத்தில் போடலாமா என்று பி.பி.சி. கேட்டபோது, தம்பதி தயங்கினார்கள். பிள்ளைகளைப் பார்த்து ஊர் சிரிக்குமோ என்ற கவலை. 'நீங்களும் எல்லோரையும் போல ஒரு சாதாரணக் குடும்பம் என்றுதான் பார்ப்பார்கள்' என்று எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்கள். சில நாள்களில், பல்கலைக்கழகத்தில் பத்திரிகையாளர்களைக் குடும்பத்தோடு சந்திக்கவேண்டிய அளவுக்கு விஷயம் போய்விட்டது.

நடந்தது என்ன என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. பேட்டி என்றால் கெல்லி எப்போதும் கதவைப் பூட்டிவிடுவார். அன்று மறந்துவிட்டார். கிம் வேறு அறையில், டி.வி-யில் கணவர் பேசுவதைத் தன் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். வழக்கமாக, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள். அன்று வரவில்லை. ஒளிபரப்பு சற்றுத் தாமதமாக வருமே... பிள்ளைகள் டி.வி-யில் தெரிந்தபோது, நிஜத்தில் அவர்கள் அப்பாவின் நாற்காலிக்கே போய்விட்டிருந்தார்கள்.

பார்த்தவர்கள் பார்க்காதது

உலகம் சிரித்தது. கூடவே தீர்ப்பும் எழுதியது. 'மகளைக் கையால் தள்ளுகிறாரே' என்றார்கள் சிலர். பேட்டி முடியும்வரை பின்னால் ஏதாவது விளையாடிக்கொண்டிருக்கட்டும் என்றுதான் நகர்த்தியதாக கெல்லி விளக்கினார். 'ஏன் எழுந்திருக்கவில்லை, பேன்ட் போடவில்லையா?' என்றார்கள் இன்னும் சிலர். ஜீன்ஸ் போட்டிருந்தாராம்!

கிம்மைப் பார்த்த ஏராளமானோர், அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த வேலைக்காரப் பெண் என்று முடிவுகட்டிவிட்டதுதான் உறுத்தல். வெள்ளைக்காரரின் வீட்டில் ஓர் ஆசியப் பெண் ஓடிவந்தால் வேறு யாராக இருக்கும் என்ற நினைப்பு. அதுபற்றிப் பெரிய விவாதமே நடந்தது. கிம் சண்டைக்குப் போகவில்லை. 'இதில் வாக்குவாதம் வேண்டாம், ரசித்துவிட்டுப் போங்கள்' என்பதுபோலத்தான் பேசினார்.

திட்டமிட்டபடி நடந்திருந்தால், கோட் போட்ட ஒரு நிபுணர் மட்டும்தான் திரையில் இருந்திருப்பார். அவர் பேசுவதற்காக, அந்த அறைக்கு வெளியே இரண்டு பிள்ளைகளை ஒருவர் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்பது யாருக்கும் தெரிந்திருக்காது. கதவு திறந்ததால் தெரிந்தது. 2020-ல் ஊரடங்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது அந்த வீடியோவை எல்லோரும் மறுபடி தேடிப் பார்த்தார்கள். அப்போது எல்லோர் வீட்டிலும் அதே கதவு, அதே பிள்ளைகள்!

மேஜைக்கு அடியில் ஒரு முகம்

செல்போனும் ஸ்கைப்பும் இல்லாத காலத்திலும் இப்படி ஒரு படம் உண்டு. 1963 அக்டோபர், வெள்ளை மாளிகை. அதிபர் ஜான் எஃப். கென்னடி தன் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். மேஜையின் முன்பக்கத்துச் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு, 3 வயதுகூட நிரம்பாத மகன் எட்டிப் பார்க்கிறான். எடுத்தவர், 'லுக்' பத்திரிகையின் போட்டோகிராபர் ஸ்டான்லி ட்ரெட்டிக்.

இதை முழுக்க முழுக்கத் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளைப் படமெடுப்பது அவர்களின் அம்மா ஜாக்குலினுக்குப் பிடிக்காது. அவர் வெளிநாடு போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் போட்டோகிராபருக்கு அனுமதி கிடைத்தது. ஆனால், மேஜைக்கு அடியில் புகுந்து விளையாடச் சொல்லி ஒரு குழந்தையை இவ்வளவு இயல்பாக நடிக்க வைக்க முடியாது.

டிசம்பர் 3 தேதியிட்ட இதழுக்காக அந்தப் படங்கள் அச்சாயின. நவம்பர் 22 அன்று கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 25-ம் தேதி இறுதிச் சடங்கு. அன்றுதான் அந்தப் பையனுக்கு 3 வயது நிறைந்தது.

கென்னடி கம்பீரமாக நிற்கும் அதிகாரபூர்வ படங்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பையனுக்கு அப்பா என்று ஒருவர் இருந்தார், அவர் வேலை பார்க்கும்போது காலடியில் விளையாட விட்டார் என்று சொல்வதற்கு இந்தப் படம்தான் இருக்கிறது.

உங்கள் போனில் என்ன இருக்கிறது?

ஃபிலிம் ரோல் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. அதனால் 'அசையாதீங்க, சிரிங்க' என்று பத்து முறை சொல்லித்தான் பட்டனை அழுத்துவார்கள். அப்படியும் ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒரு குழந்தை ஃப்ரேமை விட்டு ஓடியிருக்கும். பிரிண்ட் போட்டுக் கைக்கு வந்த பிறகுதான் அது தெரியும். காசு கொடுத்தாயிற்றே, தூக்கி எறிய மனசு வராது. ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களில் செருகி வைப்பார்கள். இன்று அந்த ஆல்பங்களைத் திறந்தால், வீடே கூடிநின்று சிரிப்பது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கங்களில்தான்.

இப்போது நிலைமை தலைகீழ். 40 படம் எடுத்து, நன்றாக வந்த ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்கிறோம். 'மெமரி ஃபுல்' என்று போன் கத்தினால், முதலில் போவது மங்கலான படங்கள்தான். அவற்றைத் தேடிப்பிடித்து வரிசையாகக் காட்டும் வசதிகூட ஆப்களில் வந்துவிட்டது.

அழிக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். நல்ல படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். கெட்டுப்போன படத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேரனின் சட்டைக் காலரைச் சரிசெய்யும் பாட்டியின் கை, வரிசைக்கு வராமல் அடுப்படியிலிருந்து 'இதோ வந்துட்டேன்' என்று எட்டிப் பார்க்கும் சித்தி, சண்டை போட்ட அண்ணன் தம்பி நடுவில் விட்டிருக்கும் அந்த ஒரு சாண் இடைவெளி... இவையெல்லாம் அதில்தான் இருக்கும்.

இன்னொன்றும் தெரியும். பல வீட்டு ஆல்பங்களில் அம்மா இருக்கவே மாட்டார். அவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது பரிமாறிக்கொண்டிருப்பார். 'நான் எதுக்கு, தலைகூட வாரலை' என்று நழுவியிருப்பார். வீட்டில் ஒரு துக்கம் நடந்து, மாலை போட ஒரு படம் கேட்கும்போதுதான் இது உறைக்கும். அவசரமாக ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டூடியோவுக்கு அனுப்புவார்கள். அதுவும் கிடைக்காவிட்டால், ஆதார் கார்டில் இருக்கும் படம். 40 வருஷம் ஒரு வீட்டைத் தாங்கியவருக்கு, அரசாங்க கேமரா எடுத்த முகம்.

எடுப்பது வேறு, எல்லோருக்கும் காட்டுவது வேறு. கெல்லி தம்பதியே முதலில் தயங்கினார்கள் என்பதை மறக்க வேண்டாம். கேள்வி கேட்டார்கள், யோசித்தார்கள், பிறகு சம்மதித்தார்கள். தூங்கும்போது வாய் திறந்திருக்கும் தாத்தா, அழுது முகம் வீங்கிய மகள் என்று கண்டதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றும் நம் வீடுகளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. படத்தில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் அது போனை விட்டு வெளியே போகக் கூடாது. 8 வயதுப் பிள்ளைக்கும் 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஐபோனில் 'லைவ் போட்டோ' ஆன் செய்து எடுத்த படங்கள் இருந்தால், ஒன்றைத் திறந்து விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கு 'மோஷன் போட்டோ' என்று பெயர். பட்டனை அழுத்துவதற்கு 1.5 விநாடி முன்பும், 1.5 விநாடி பின்பும் நடந்ததை ஐபோன் பதிவு செய்து வைத்திருக்கும். எல்லோரும் சிரித்தபடி நிற்கும் அந்தப் படம் அசையத் தொடங்கும். யாரோ முடியை ஒதுக்குவார்கள், யாரோ யாரையோ இடிப்பார்கள். சத்தமும் கேட்கும். 'டேய், அப்பாவைக் கூப்பிடுடா, அவரில்லாம என்ன போட்டோ' என்று, இப்போது இல்லாத ஒருவரின் குரல்கூட அதில் இருக்கலாம்.